பெயர் சொல்லி அழைக்கும் மந்திரம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபத்தில் ஆறு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் அந்தக் கோபம்தான் எனக்குக் காவல். காலேஜ் பையன்கள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஒழுங்கான பக்கங்களைத் திறப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி, கம்ப்யூட்டர்களை அணைத்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டு உட்கார்ந்தால் நான் வேறு ஆள். அந்த நாலு மணி நேரத்துக்கு இடி, மழை, பூதம், ராஜா, சத்திரக்காரன், செத்தவன் எல்லாமே நான்தான்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார், எங்கள் மேசையில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைவார்கள். ஒருவன் வாள்வீரன், ஒருத்தி திருடி, ஒருவன் மந்திரவாதி. குகைக்குள் போகிறேன், கதவை உடைக்கிறேன் என்று அவரவர் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் நடந்தது, சின்னதாக விழுந்தால் நடக்கவில்லை. எது எவ்வளவு கஷ்டம், எந்த மந்திரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் ஒரு தடித்த விதிப்புத்தகத்தில் இருக்கும். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர் மெயில் பார்க்க வந்தபோது, "இத வெச்சுகினு கப்பல்ல ஒரே பேஜாரும்மா, தெனம் சண்ட. நீயே வெச்சுக்கோ" என்று அந்தப் புத்தகத்தையும் ஒரு டப்பா பகடைகளையும் என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். இருபது முகப் பகடை அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பச்சை நிறம், முனைகள் தேய்ந்தது.

முதலில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், நாற்பத்தைந்து வயது, பெரிய குரல். அவர்தான் வாள்வீரன். இன்னொருத்தி தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிரேன்காரருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால் விதிகளை நான் தமிழில் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தேன். புத்தகம் என்ன சொன்னாலும் எங்களுக்குச் சட்டம் அந்த நோட்டுதான்.

முதல் புத்தகத்தில் மந்திரவாதி பரிதாபமான ஜீவன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லி முடித்தால் மறுநாள் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பூனை பிறாண்டினால்கூடச் செத்துப்போவான். நர்ஸ் மூன்று மந்திரவாதிகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு, "வேலையில பாக்குற சாவு போதாதாக்கா" என்று திருடியாக மாறிவிட்டாள். ஆனால் அதே மந்திரவாதி எப்படியோ தப்பிப் பிழைத்து, ஆட ஆடப் பலம் கூடிப் பத்துப் பன்னிரண்டு லெவல் ஏறிவிட்டால் அவனை யாராலும் அசைக்க முடியாது. பிறகு இன்னொரு கப்பல்காரர் மூலம் புதிய புத்தகத்தின் ஜெராக்ஸ் வந்தது. அதில் மந்திரவாதியை ஆரம்பத்திலேயே கைதூக்கி விட்டிருந்தார்கள். உச்சியில் இருந்த பலத்தைக் குறைக்க மட்டும் மறந்துவிட்டார்கள். எழுதியவர்களுக்கு மந்திரவாதி மேல் தனிப் பாசம் போலிருக்கிறது என்று அன்றைக்கு நான் சிரித்தேன்.

அந்த வருடம் கார்த்திகையில் காசிமேட்டிலிருந்து மீன் பிடிக்கப் போன ஒரு ஃபைபர் படகு திரும்பவில்லை. மூன்று பேர் போயிருந்தார்கள். உடல் எதுவும் கிடைக்கவில்லை, படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அந்த மூவரில் ஒருவனுடைய தம்பி என் சென்டருக்கு வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அவனும் கடலுக்குப் போகிறவன்தான். அண்ணன் பர்மாவிலோ இலங்கையிலோ ஒதுங்கியிருப்பான், அங்கே ஜெயிலில் வைத்திருப்பார்கள் என்று நம்பினான். நம்பிக்கை ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. அப்படி ஒரு வருடம் கழித்துத் தாடியோடு வந்து நின்றவர்கள் அவன் இருந்த மீனவக் குப்பத்தில் உண்டு. அவன் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் மனு அடித்து எம்பசிகளுக்கு அனுப்பினேன். வாரா வாரம் வந்து பதில் இருக்கிறதா என்று பார்ப்பான். பதில் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தான்.

"யக்கா, இது இன்னா, தாயமா?"

"தாயத்துக்குப் பெரியப்பா" என்றார் கிரேன்காரர். "வா நைனா, ஒக்காரு. மந்திரவாதி எடம் காலியா கீது. எவனும் சீந்த மாட்டேன்றான்."

அப்படித்தான் அவன் மந்திரவாதி ஆனான். பத்தாவது வரை படித்தவன், ஆனால் என்னைவிட ஞாபகசக்தி. புதிய புத்தகத்து விதிகளில் எந்த மந்திரத்தை எதோடு சேர்த்தால் என்ன நடக்கும் என்று ஆறே மாதத்தில் கரைத்துக் குடித்துவிட்டான். கதைக்குள் பொழுது விடிந்ததும் பலம் கூட்டும் ஒரு மந்திரத்தைத் தனக்குத் தானே போட்டுக்கொள்வான், அது பொழுது சாயும் வரை நிற்கும். கிரேன்காரரின் வாள்வீரன் மூச்சிரைக்கத் தூக்கும் கதவை மந்திரவாதி ஒற்றைக் கையால் தூக்கினான். கிரேன்காரருக்கு முகம் சுருங்கியது. தம்பியோ அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் அடுத்த லெவலில் இருந்த ஒரு மந்திரத்தின் மேல் இருந்தது. இறந்தவரோடு பேசுதல்.

ஆடி மாதத்தில் அந்த லெவலைத் தொட்டான். நான் நோட்டில் அந்த மந்திரத்தை எழுத உட்கார்ந்தேன். இறந்தவரின் உடல் முன்னால் இருக்க வேண்டும், வாய் சிதையாமல் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. காலையில் விளக்கேற்றி ஊதுபத்தி காட்டுகிற கடை. அங்கே மதியம் ஒருவன் உட்கார்ந்துகொண்டு பிணத்தின் பக்கத்தில் போகிறேன், பிணத்தின் வாயைத் திறக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் விளங்குமா? அதனால் உடல் என்ற வரியையே விட்டுவிட்டேன். 'பெயர் சொல்லி அழைத்தால் போதும். பகடையில் ஐந்தோ அதற்கு மேலோ விழுந்தால் பதில் வரும்' என்று எழுதினேன். சகுனம் பார்த்து விதி எழுதியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உடல் வேண்டும் என்ற அந்த ஒரு வரிதான் அந்த மந்திரத்துக்கு மூக்கணாங்கயிறு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு விளையாட்டு படுத்துவிட்டது. ராஜாவைக் கொன்றது யார்? மந்திரவாதி ராஜாவையே கூப்பிட்டுக் கேட்பான். புதையல் எங்கே? புதைத்தவனைக் கூப்பிடுவான். நான் செத்தவர்களைப் பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன், எரிந்து விழ வைத்துப் பார்த்தேன், ஒரு கிழவனைச் செவிடாகக்கூட ஆக்கினேன். தம்பி அசரவில்லை. யார் கொன்றது என்று நேராகக் கேட்க மாட்டான். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, கடைசியாக என்ன சாப்பிட்டாய், எந்தச் செருப்பு முதலில் அறுந்தது என்று சுற்றிச் சுற்றி வருவான். பதில் சொல்லுகிற நானே உளறி மாட்டிக்கொள்வேன்.

"நான் இன்னாத்துக்குக் கத்திய வெச்சுகினு கீறேன்?" என்று கிரேன்காரர் ஒரு நாள் வெடித்தார். "இவன் கேக்குறான், பொணம் சொல்லுது, கேஸ் முட்ஞ்சிது. என்னை வாசல்ல வாட்ச்மேன் ஆக்கிட்டீங்கோ."

"கடைக்குள்ள அந்த வார்த்தைய சொல்லாதீங்கண்ணா" என்று நான் சீறினேன்.

ஆனால் அவர் சொன்னது நியாயம். ஒருவன் கையில் எல்லாப் பூட்டுக்கும் சாவி இருந்தால் மற்றவர்கள் எதற்கு? ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு வாரம் கடத்தினேன்.

மூன்றாவது வாரம் கதை நடுவில் தம்பி கையை உயர்த்தினான்.

"யக்கா, இன்னிக்கி மந்திரவாதி வேற ஒருத்தர கூப்புட்றான்."

"யாரை?"

அவன் தன் அண்ணனின் பெயரைச் சொன்னான்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். எங்கள் தெருவில் கண்டெய்னர் லாரிகளின் உறுமலில் கடல் சத்தம் கேட்காது. அன்றைக்கு ஞாயிறு என்பதால் லாரி குறைவு. அந்த நேரத்தில் ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது. கரையில் கொட்டிய பாறைகளில் அலை மோதி இறங்குவது ஷட்டருக்குக் கீழ் வழியாக உள்ளே வந்தது. நான் அப்போதே நோட்டை மூடியிருக்க வேண்டும். இது விளையாட்டு தம்பி, இதில் அவரை இழுக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். கோபக்காரிக்கும் இரக்கம் வரும், வரக்கூடாத நேரத்தில் வரும். பகடையை உருட்டினேன். மூன்று விழுந்தது.

"பதில் இல்லை" என்றேன்.

அவன் முகம் மலர்ந்த விதத்தை நான் மறக்கவில்லை.

"பாத்தியாக்கா! செத்துருந்தா வந்துருப்பான்ல? அண்ணன் உசிரோட கீறான்!"

மூன்று விழுந்தால் மந்திரம் பலிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஆள் இருக்கிறானா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இது எனக்குத் தெரியும், நானே எழுதிய விதி. இருந்தும் நான் அதைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

அவன் அந்தப் பதிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவான் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டில் அவன் அம்மாவும் அண்ணியும் இருந்தார்கள். அந்தப் படகில் போன மற்ற இருவரின் வீடுகளில் மூன்றாம் மாதமே உடலுக்குப் பதிலாக ஒரு பொம்மை செய்து கடற்கரையில் வைத்துக் காரியம் முடித்துவிட்டார்கள். அண்ணி மட்டும் பொட்டும் பூவும் தாலியுமாக இருந்தாள். வருடம் திரும்புவதற்குள் காரியத்தைச் செய்துவிடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி அவர்களுக்குச் சொல்ல அவனிடம் ஒரு பதில் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை. அதைக் கேட்டதும் அவன் அம்மா மகனுக்காக விளக்கு ஏற்றி வைத்தாளாம். ஒரு பெண்ணின் தாலி என் மேசை மேல் உருளுகிற பச்சைப் பகடையில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் மூன்றரை மணி வாக்கில் கதை எங்கே நின்றாலும் அவன் அழைப்பான். நான் உருட்டுவேன். ஒன்று. நான்கு. இரண்டு. இரண்டு. மூன்று. ஐந்தைத் தொடவே இல்லை. ஆறாவது வாரத்தில்தான் அதைக் கவனித்தேன். அதற்கு முன்னும் பின்னும் அதே பகடை பதினெட்டு, பதினொன்று, இருபது என்று நன்றாகவே விழுந்தது. கிரேன்காரர் பூதத்தை வெட்டினால் பத்தொன்பது. தம்பி அண்ணன் பெயரைச் சொன்னால் ஒன்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்களைக் குறிக்க ஆரம்பித்தேன். பத்து வாரம் ஆயிற்று. நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. சகுனம் பார்ப்பது வேறு விஷயம். பத்து வாரமும் ஒரே மாதிரி விழும் என்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் போய் வேலையைப் பார் என்றிருப்பேன்.

அந்த நாட்களில் ஒரு முறை அண்ணியைப் பார்த்தேன். மைத்துனனைக் கூப்பிட வந்தவள் ஷட்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். தலை நிறையக் கனகாம்பரம். மேசை மேலிருந்த பகடையை நெடுநேரம் பார்த்தாள்.

"இதானா?" என்றாள்.

"இதான் அண்ணி" என்றான் தம்பி பெருமையாக.

பாவம், எவ்வளவு ஆசையோடு பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு தம்பி கடலுக்குப் போயிருந்தான். நாங்கள் மூவர் மட்டும். நான் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கிரேன்காரர் சிரித்தார்.

"கட்டை தேஞ்சி போச்சு தங்கச்சி, அதான். நான் போட்றேன் பாரு."

வெறுமனே இருபது முறை உருட்டினோம். எல்லா எண்ணும் கலந்து விழுந்தன. பிறகு நான் அந்தப் பெயரைச் சொல்லி உருட்டினேன். இரண்டு. கிரேன்காரர் சொல்லி உருட்டினார். நான்கு. நர்ஸ் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உருட்டினாள். ஒன்று. கரண்ட் போய் யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. யாரும் எழுந்து அணைக்கவில்லை.

"நெசமா செத்த ஒரு ஆள கூப்டு பாக்கலாம்" என்றார் கிரேன்காரர். குரலில் பழைய சிரிப்பு இல்லை. அவருடைய அப்பாவும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சுமை அறுந்து விழுந்து இருபது வருடத்துக்கு முன்பு இறந்தவர். அந்தப் பெயரைச் சொல்லி அவரே உருட்டினார். பதினேழு விழுந்தது.

விதிப்படி இப்போது நான் அவர் அப்பாவாகப் பேச வேண்டும். நான் மூச்சை இழுத்தேன். கிரேன்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாணாம். பதில் சொல்லாத."

அன்றைக்கு ஐந்து மணிக்கே ஷட்டரைச் சாத்திவிட்டோம்.

மறு வாரம் கிரேன்காரர்தான் வழி சொன்னார். எவனோ வெளிநாட்டில் விதிகளை மறுபடி திருத்தியிருக்கிறானாமே, அதைப் பார்த்து நோட்டை மாற்றிவிடு என்றார். திருத்தம் வந்திருந்தது உண்மை. இரண்டு நாள் நெட்டிலிருந்து இறக்கி, நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்தேன். கீபோர்டில் படிந்த துறைமுகத்து நிலக்கரித் தூசியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். மந்திரவாதியின் கொட்டத்தை அடக்கியிருந்தார்கள். பொழுது சாயும் வரை நின்ற அந்தப் பலம் கூட்டும் மந்திரம் இப்போது சில நிமிடம்தான் நிற்கும். உலகம் முழுக்க எத்தனையோ கிரேன்காரர்கள் வாசலில் வாட்ச்மேன் வேலை பார்த்துப் புலம்பியிருப்பார்கள் போலிருக்கிறது. இறந்தவரோடு பேசுதல் என்ற இடத்துக்கு வந்தபோது அங்கே ஒன்றும் புதிதாக இல்லை. உடல் வேண்டும், வாய் சிதையாமல் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்த அதே வரி இருந்தது. நான் விட்ட வரி.

அதைச் சேர்த்து எழுதினேன். விளையாட்டின் சமநிலைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய். எனக்குப் பயம். இனி ஒரு ஞாயிறுகூட அந்தப் பெயருக்கு அந்தப் பகடையை உருட்ட என்னால் முடியாது. பதினோராம் வாரமும் மூன்று விழுந்தால் என்ன என்று ஒரு பயம். விழாமல் பதினைந்து விழுந்தால் என்ன என்று அதைவிடப் பெரிய பயம்.

ஞாயிறு தம்பி வந்ததும் சொல்லிவிட்டேன். பலம் கூட்டும் மந்திரம் குறைந்தது என்றதற்குச் சிரித்தான்.

"நம்ம வாள்வீரரு சந்தோசமா இருப்பாரு" என்று கிரேன்காரர் தோளைத் தட்டினான். அடுத்ததைப் படித்தேன். சிரிப்பு நின்றது.

"ஒடம்பு இல்லாட்டி கூப்புட முடியாதா?"

"முடியாது தம்பி."

"அப்போ இத்தினி வாரம் நான் கூப்டது?"

"அது பழைய ரூல்."

அவன் பகடையைப் பார்த்தான், பிறகு என்னை.

"செத்தவங்களுக்குக் கூடவாக்கா ரூல் மாறும்?"

எனக்குப் பதில் தெரியாதபோது வருகிற வழக்கமான கோபம் வந்தது.

"இது விளையாட்டு, விளையாட்டா ஆடறதுன்னா ஆடு" என்று கத்திவிட்டேன். அவன் எழுந்து குனிந்து ஷட்டருக்கு வெளியே போனான்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி வந்தாள். சென்டரில் ஒரே ஒரு பெண் மட்டும் ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அண்ணி நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பொட்டு, பூ, எல்லாம் அப்படியே.

"ரூல மாத்திட்டியாமே."

"ஆமாம்மா."

"அவன் மூணு நாளா சோறு துன்னல."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பதில் வரவில்லை என்று இத்தனை வாரம் சொன்னதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, அது வெறும் பகடை, ஆனால் உங்கள் நம்பிக்கையை நான் கெடுக்க நினைக்கவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் என்னை நிறுத்தினாள்.

"நம்பிக்கையா? எனுக்கா?"

பிறகு சத்தம் போடாமல், வரிசையாக, வீட்டு வேலையை ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவன் சிரிச்சுகினு வருவான். பதில் வர்ல அண்ணி, உசிரோட கீறாருன்னுவான். எனுக்கு நெஞ்சுல கல்லு ஏத்துன மாரி இருக்கும். என்கூட கரையில நின்ன அந்த ரெண்டு பொம்பளைங்களும் மூணாம் மாசமே அழுது முட்ச்சிட்டாளுங்கோ. ஒருத்தி இப்ப மீன் விக்கப் போறா. இன்னொருத்தி சிரிக்கக்கூட சிரிக்கிறா. நான் மட்டும் அழுவக் கூடாது. உசிரோட கீறவருக்கு அழுதா அவருக்கு ஆவாதாம். பதினோரு மாசம்க்கா. வெங்காயம் அரிஞ்சு கண்ணு கலங்குனாக்கூட என் மாமியா மொறைக்குது."

மந்திரவாதியின் பலத்தை வாள்வீரனின் பலத்தோடு வைத்து வாரக் கணக்கில் தராசு பிடித்தவள் நான். தராசின் அடியில் இவள் கிடந்ததை நான் பார்க்கவே இல்லை. அவமானமாக இருந்தது.

"பதில் வந்துச்சுன்னு சொல்லுக்கா" என்றாள். "நீ சொன்னாதான் அவன் நம்புவான். அவன் சொன்னா அத்தை நம்பும்."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"இத்தினி நாளு நெசமா சொன்னே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

"சரி, பொய் வாணாம். பழைய ரூல்ல ஒரே ஒரு வாட்டி போடு. வந்தா வரட்டும்."

இழுப்பறையிலிருந்து பகடையை எடுத்தேன். அவள் கணவன் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவர்கள் வழக்கத்தில் அவள் வாயால் சொல்ல மாட்டாள் என்று பிறகுதான் புரிந்தது. நானே சொன்னேன். தெருவில் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. இருந்தாலும் அந்த ஒரு விநாடி பாறையில் தண்ணீர் ஏறி இறங்குவது எனக்குக் கேட்டது. உருட்டினேன். பகடை என் பக்கமாக வந்து ஜெராக்ஸ் தாள் கட்டின் மேல் மோதி நின்றது.

இரண்டு.

உள்ளங்கையால் மூடினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சும்மா" என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. ஐந்தாறு வருடமாக ராஜாக்களுக்கும் திருடர்களுக்கும் பூதங்களுக்கும் பேசிய வாய். ஒரு வார்த்தை தேடிக் கிடைக்காமல் தவித்தது.

"அழச் சொன்னாரு" என்றேன்.

அவள் தலையிலிருந்த பூவைப் பிடித்து இழுத்தாள், கனகாம்பரம் கீபோர்டுகள் மேல் சிதறியது. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். விண்ணப்பம் நிரப்பிய பெண் பயந்து எழுந்து சுவரோடு நின்றாள். எதிர்ப்பக்கம் இட்லி சுடும் அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"யாருக்கு இன்னாம்மா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"எங்கூட்டுக்காரர் செத்துட்டாரும்மா. கடல்ல."

இட்லிக்கடை அம்மா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். நான் பகடை மேலிருந்து கையை எடுக்கவில்லை.